இடுப்பு பிடித்துக்கொண்டால் படுத்துவிடாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். அடுப்படியில் நின்று, ஒரு கையை இடுப்பில் முட்டுக் கொடுத்தபடி இதைக் கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். இன்றைய பேச்சு உங்களோடுதான்.

நான் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது, “எத்தனை நாள் படுத்துக் கிடக்கணும்?” என்றுதான். ரொம்ப முடியாவிட்டால் ஒன்றிரண்டு நாள் ஓய்வு எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம் என்றால் நம்ப மாட்டார்கள்.

என் அம்மா நாற்று நட்டுப் பழகிய உடம்பு. ஒரு மார்கழியில் தண்ணீர் அண்டாவைத் தூக்கப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. அசையவே கூடாது என்று ஊரே சொன்னது. மூன்று வாரம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. எழுந்து நின்றபோது கால் இரண்டும் நடுங்கின. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கொல்லைக்குப் போனார்.

அவரை நடக்க வைத்தவர் அப்பத்தா. இரும்புச் சட்டியில் கல்லுப்பைப் போட்டுப் படபடவென்று பொரிய வறுப்பார். பழைய வேட்டித் துணியில் முடிந்து, முதலில் தன் முன்கையில் வைத்துப் பார்ப்பார். பிறகுதான் அம்மாவின் இடுப்புக்குப் போகும். கால் மணி நேரம் ஒத்தி எடுத்த கையோடு, “எந்திரி, வாசல் வரைக்கும் போய்ட்டு வா” என்பார். மறுநாள் வேப்பமரம் வரை. அதற்கு மறுநாள் தெருமுனை.

கவனியுங்கள், ஒத்தடத்தோடு அவர் நிறுத்தவில்லை. இறுகின தசை சூட்டில் இளகும். அது மறுபடி இறுகுவதற்குள் நடந்துவிட வேண்டும். உப்போ, தவிடோ, நொச்சி இலையோ, வெந்நீர்ப் பையோ, எதுவானாலும் சரி, ஒத்தடம் கொடுத்ததும் நடங்கள். தைலம் தேய்த்த இடத்தில் மட்டும் சூடு வைக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோல் மரத்திருக்கலாம், கொப்புளித்த பிறகுதான் தெரியும். வேறொருவர் கை வைத்துப் பார்த்துக் கொடுக்கட்டும்.

திடீரென்று பிடித்துக்கொள்ளும் வலி பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் தணிந்துவிடும். மாதக்கணக்கில் நீடிக்கும் வலிக்கும்கூட, உடற்பயிற்சியை 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. இடுப்பு பெல்ட்டை வழக்கமாகக் கட்ட வேண்டாம் என்றும் சொன்னது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். பாயில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். இடுப்புக்கும் பாய்க்கும் நடுவே ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருக்கும். வயிற்றை மெல்ல எக்கி, இடுப்பைப் பாயில் பதியுங்கள். ஐந்து எண்ணி விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பத்து தடவை போதும். எழும்போது விருட்டென்று எழாமல், ஒருக்களித்து, கையை ஊன்றி எழுங்கள். செய்யும்போது வலி காலுக்குக் கீழே இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

நேரமாகிவிட்டது என்று எதிரே கை காட்டுகிறார்கள். குடம் தூக்குவது, நாற்காலியில் உட்காருவது பற்றியெல்லாம் பேச நினைத்திருந்தேன். குடத்தை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள் என்பதோடு விடுகிறேன். ஆனால் இதைச் சொல்லாமல் போக முடியாது: சிறுநீர் போவதில் சிக்கல், தொடையிடுக்கில் மரத்துப் போவது, கால் வலுவிழப்பது, வலியோடு காய்ச்சல், கீழே விழுந்த பின் வந்த வலி, இதில் ஒன்று இருந்தாலும் ஒத்தடம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வணக்கம்.