ஒழுகும் இடம் வேறு, ஓட்டை வேறு

நேயர்களுக்கு வணக்கம்.

புயல் கரை கடந்த மறுநாள் காலையில் கடலூர், புதுச்சேரி பக்கத்துத் தெருக்களில் நடந்துபோனால் வாசலுக்கு வாசல் ஒரே பேச்சுதான்: "உங்க வீட்ல ஒழுகிச்சா?" முப்பது வருடத்துக்கு மேல் கட்டட மேற்பார்வையில் இருந்தவன் நான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி எத்தனையோ மாடிகளில் ஏறியிருக்கிறேன். அப்படிக் கற்றுக்கொண்டதில் முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுகும் இடம் வேறு, ஓட்டை இருக்கும் இடம் வேறு. இதை இன்னும் இரண்டு மூன்று முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் உயிர் விஷயம். ஃபேன் மாட்டிய கொக்கி வழியாகவோ சுவிட்ச் பெட்டி வழியாகவோ தண்ணீர் இறங்கினால் அந்த சுவிட்சைத் தொடாதீர்கள். காய்ந்த கையோடு, காய்ந்த தரையில் நின்று மெயினை நிறுத்துங்கள். மெயின் பெட்டியே நனைந்திருந்தால் அதன் பக்கமே போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். கரண்ட் இல்லாத நேரத்திலும் மெயினை நிறுத்தித்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் அது எந்த நேரமும் திரும்பி வரலாம்.

எல்லாப் புயலும் ஒரே மாதிரி வீட்டைத் தாக்குவதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் வந்த 'தானே' என்ற புயல், காற்றுப் புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த காற்று அது. ஓட்டு வீடும் ஷீட் வீடும்தான் அதில் அதிகம் பட்டன. 2024 நவம்பர் 30 இரவு வந்த ஃபெஞ்சல் வேறு ரகம். கரையைத் தொட்டபின் நகராமல் நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஓட்டு வீட்டுக்காரர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்ட மாடி வீட்டுக்காரர்கள் அந்த முறை அண்டாவையும் குண்டானையும் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை ஓடினார்கள்.

அப்படி ஓடியவர்களில் ஒருவர், எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியை. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வீட்டுக் கூடத்தில் ஃபேன் கொக்கியிலிருந்து சொட்டு. மூன்று வருடமாக ஒவ்வொரு மழைக்கும் அதே இடம்தான். மூன்று தடவை ஆள் வைத்து, ஃபேனுக்கு நேர் மேலே மாடியில் வெள்ளை பெயின்ட் அடித்தாகிவிட்டது. ஃபெஞ்சலில் மறுபடியும் சொட்டியது. "தம்பி, இனிமே காசு செலவு பண்ண என்கிட்ட தெம்பு இல்ல" என்றார்.

மழை விட்டபின் மாடி நன்றாகக் காயட்டும் என்று ஒரு வாரம் காத்திருந்தோம். அப்புறம் நான் செய்தது, வயலில் செய்வதைத்தான். ஈரக் களிமண்ணால் விரல் உயரத்துக்கு வரப்பு வைத்து மாடியை நான்கு பாத்தியாகப் பிரித்தேன். ஒரு நாளைக்கு ஒரு பாத்தி. ஓர் இஞ்ச் தண்ணீர் கட்டி நிறுத்துவது, கீழே கரண்டை அணைத்துவிட்டு ஃபேனுக்கு அடியில் எவர்சில்வர் குண்டானை வைத்துவிட்டுக் காத்திருப்பது. முதல் நாள் ஃபேனுக்கு நேர் மேலே உள்ள பாத்தி. சொட்டுக்கூட இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் கைப்பிடிச் சுவர் ஓரத்துப் பாத்தி. ராத்திரி ஒன்பது மணிக்கு அக்காவிடமிருந்து போன். அவர் பேசவில்லை, போனைக் குண்டான் பக்கம் வைத்தார். டங்... டங்...

காலையில் போய் அந்தப் பாத்தியை வடித்துவிட்டுத் தடவிப் பார்த்தேன். முன்பு டிஷ் ஆன்டெனா நின்ற இடம். ஸ்டாண்டைக் கழற்றிப் போனவர்கள் போல்ட் போட்ட நான்கு துளைகளை அப்படியே விட்டுவிட்டார்கள். துளையில் மண் அடைத்து, மேலே பாசி படிந்து, பார்த்தால் தெரியாது. அதில் இறங்கிய தண்ணீர் மாடித் தரையில் பதித்த தட்டோட்டுக்கும் அடியிலுள்ள கான்கிரீட்டுக்கும் நடுவே ஓடி, ஒயர் போகும் குழாயைப் பிடித்து, பன்னிரண்டு அடி தள்ளி ஃபேன் பெட்டியில் வந்து சொட்டியிருக்கிறது. ஒழுகும் இடம் வேறு, ஓட்டை வேறு. சுற்றிலும் இரண்டடிக்குத் தட்டோட்டை எடுத்து, துளைகளைக் கழுவி, சிமென்ட் பால் ஊற்றி அடைத்து, தட்டோட்டைத் திரும்பப் பதித்தோம். கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. அக்கா வீட்டுக் குண்டான் அடுக்களைக்குத் திரும்பிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. கம்பி தெரியும் அளவுக்குக் காரை பெயர்ந்த பழைய தளத்தில் இப்படித் தண்ணீர் கட்டாதீர்கள். தண்ணீரின் கனத்தை நாம் குறைவாக நினைக்கிறோம். ஒரு சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டர் நின்றால் 100 கிலோ. ஆயிரம் சதுர அடி மாடியில் வடிகுழாய் அடைத்து அந்த உயரத்துக்கு நின்றால் ஒன்பது டன்னுக்கு மேல் உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது. அடைத்தது என்னவோ வேப்பிலையும் ஒரு பாலித்தீன் பையுமாகத்தான் இருக்கும். அதனால் ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு தடவை மாடிக்குப் போய் குழாய் வாயில் கையை விட்டுப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் விரிசலில் அரசங்கன்று முளைத்திருந்தால் ஒடிக்காமல் வேரோடு எடுங்கள். ஒடித்தால் வேர் உள்ளே பருத்துக்கொண்டே போகும். கொத்தனாரிடம் பேசும்போது "வாட்டம் இருக்கா?" என்று கேளுங்கள். குழாய் வாயை நோக்கிப் பத்தடிக்கு ஓர் இஞ்ச்சாவது சரிவு வேண்டும். வாட்டம் இல்லாத மாடிக்கு எந்த பெயின்ட் அடித்தாலும் தண்ணீர் நிற்கத்தான் செய்யும்.

ஓட்டு வீட்டிலும் இதே கதைதான். மேலே ஓர் ஓடு நழுவியிருக்கும், தண்ணீர் ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டையோடு வழிந்து எங்கோ கீழே சொட்டும். பகலில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள், வெளிச்சம் வரும் பொட்டு காட்டிக்கொடுக்கும். சிமென்ட் ஷீட் என்றால் நனைந்திருக்கும்போது ஏறவே வேண்டாம். காய்ந்தபின்னும் பலகை போட்டு, அடியில் சட்டம் போகும் இடத்தில்தான் கால் வைக்க வேண்டும். ஷீட்டில் போல்ட் எப்போதும் மேட்டில் வர வேண்டும். பள்ளத்தில் போட்டால் தண்ணீருக்கு நாமே வழி வெட்டிக் கொடுத்த மாதிரி.

சரி, கசிவை அடைத்தாயிற்று. சுவர் அசிங்கமாக இருக்கிறதென்று பொங்கலுக்குள் பெயின்ட் அடிக்க அவசரப்படுகிறோம். தயவுசெய்து வேண்டாம். உள்ளே ஓதம், அதாவது ஈரம், இருக்கும்போது அடித்தால் உப்புப் பூத்து உரிந்துவிடும். ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. தாள் காய்ந்தே இருக்கும்வரை காத்திருங்கள். மேல்தளத்தை ஒரு கழியால் தட்டியும் பாருங்கள். பொத்தென்று சத்தம் வரும் இடத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பி, காரையைத் தள்ளிக்கொண்டிருக்கலாம். அதன் கீழே குழந்தையின் தொட்டிலோ கட்டிலோ இருந்தால் இன்றைக்கே நகர்த்துங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆகிவிட்டதென்று கை காட்டுகிறார்கள். நனைந்த பத்திரங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டு வரியில் சொல்கிறேன். வெயிலில் போடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். நிழலில், ஃபேன் காற்றில், தாளுக்குத் தாள் நடுவே வெள்ளைத் தாள் வைத்து உலர்த்துங்கள். எழுத்து அழிந்துபோன கிரயப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். அப்புறம், வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தால் கழுவித் துடைப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.