மன்றோ அளந்த நிலமும் மன்றோ போட்ட வரியும்

அவையோரே,

பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ 1780 ஜனவரியில் சென்னைக்கு வந்தது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர. அவரை வரி வேலைக்குக் கொண்டுவந்தது மொழி. 1792இல் பாராமகால் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்) திப்புவின் கையிலிருந்து கம்பெனிக்கு மாறியபோது, ஊர்மொழி அறிந்த சிவில் அதிகாரிகள் கிடைக்கவில்லை. கேப்டன் அலெக்சாண்டர் ரீடையும் உதவிக்கு மூன்று படை அதிகாரிகளையும் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அனுப்பினார். அந்த மூவரில் ஒருவர் மன்றோ. பாராமகாலுக்குப் பின் மேற்குக் கடற்கரையிலுள்ள கனரா. பிறகு, நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பை வட்டாரத்தில் 1800 முதல் 1807 வரை. அவருடைய வேலையின் பலமும் பிழையும் இந்த ஏழாண்டில்தான் முழுதாகத் தெரிகின்றன.

1802இல் அங்கே நில அளவை தொடங்கியது. சங்கிலியின் நீளம் 33 அடி. பக்கத்துக்கு ஒரு சங்கிலி வைத்த சதுரம் ஒரு குண்டா, 40 குண்டா ஓர் ஏக்கர். கணக்கு எளிது, ஆகவே குமாஸ்தா வயலிலேயே போட்டுவிடலாம். அளப்பவருக்கு ஏக்கர் கணக்கில் கூலி கொடுத்ததால் வேலை வேகமாக நடந்தது. வேகம் இருந்தால் அவசரமும் இருக்கும். அதனால் மறு அளவை செய்யத் தனி ஆட்களை வைத்து, அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். ஏக்கர் ஏறினால் அவர்களுக்கு ஒரு காசும் கூடுதலாகக் கிடைக்காது. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

அளந்த பிறகு நன்செய், புன்செய், தோட்டம் என்று பிரித்துத் தரம் போட்டார்கள். ஆண்டுதோறும் ஜமாபந்தியில், அதாவது வரிக்கணக்குத் தணிக்கையில், ஊர்க் கணக்கரான கர்ணத்தின் கணக்கைப் பார்த்து ஒவ்வொரு ரயத்துக்கும், அதாவது குடியானவருக்கும், தனித்தனியே பட்டா. இந்த முறைதான் ரயத்துவாரி. ஒருவர் கிஸ்தி (வரித் தவணை) கட்ட முடியாமல் போனால், அந்தக் குறையை ஊரார் தங்கள் வரிக்கு மேல் நூற்றுக்குப் பத்து வரை ஏற்க வேண்டும். அதாவது, தனித்தனி என்று சொன்னாலும் கூட்டுப் பொறுப்பு முழுதாகப் போகவில்லை. வேண்டாத நிலத்தை விட்டுவிடும் உரிமையும் ஏட்டளவில்தான். தாசில்தார், சாகுபடிக்காகச் சர்க்கார் தரும் தக்காவிக் கடனைக் கையில் திணித்து ஏரைப் பூட்டச் சொல்வார்.

ஏன் அப்படி? வரி விகிதம் அதிகம்; யாரும் தாமாக அந்த நிலத்தை வைத்துக்கொள்ள மாட்டார்கள். முந்தைய ஆட்சிகள் வசூலித்த தொகையை வைத்து மொத்த வரியை முதலில் முடிவுசெய்தார்கள். அதைத்தான் தரவாரியாக நிலங்கள்மேல் இறக்கினார்கள். சங்கிலி வயலைச் சரியாக அளந்தது. தொகை பழைய தஃப்தரிலிருந்து, அதாவது பழைய ஆட்சிகளின் கணக்கேட்டிலிருந்து, வந்தது. மொத்த விளைச்சலில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 சர்க்காருக்குப் போயிற்று. விதை, மாடு, கூலி எல்லாம் மீதி 55க்குள் அடங்க வேண்டும். மழை பொய்த்த புன்செயில் அது எப்படிக் கட்டுப்படியாகும்?

இதை மன்றோவே உணர்ந்திருந்தார். 1807இல் தாயகம் திரும்புமுன், கால் பங்கைக் குறைக்கும்படி எழுதினார். 45இல் கால் போனால் 33¾, கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று. அந்த அளவுக்கு இறங்கினால்தான் நிலத்துக்கு விற்கும் விலை வரும் என்பது அவர் வாதம். சென்னை அரசு கேட்கவில்லை. மூன்றாண்டுக் குத்தகை, பத்தாண்டுக் குத்தகை என்று ஊர் ஊராக ஏலம் விட்டுக் குத்தகைதாரர்களையும் குடிகளையும் நொடிக்க வைத்தது. 1820இல் மன்றோ கவர்னராகத் திரும்பிய பிறகே ரயத்துவாரி மீண்டது. 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலரா அவரைக் கொண்டுபோயிற்று.

சுமை அப்போதும் கனமாகவே இருந்தது. வரி வசூலுக்காகக் குடிகளுக்கு விரலை நெரிக்கும் கிட்டி போட்டதையும், உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள் பூட்டியதையும் 1855இல் சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழு பதிவுசெய்தது. 1858க்குப் பின் வந்த புதிய நில அளவையும் வரித்திட்டமும்தான் சாகுபடிச் செலவைக் கழித்துவிட்டு, நிகர விளைச்சலில் பாதி என்று கணக்கிடத் தொடங்கின.