சித்திரை வெயிலில் ஒரு கம்பளிச் சட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

சித்திரை மாதத்து யாழ்ப்பாண வெயிலை உங்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. அப்படியொரு மத்தியானம், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒருத்தி கம்பளிச் சட்டையோடு என் முன்னால் வந்து அமர்ந்தாள். மின்விசிறியை நிறுத்த முடியுமா என்று கேட்டாள். ஆளை அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியே சொல்கிறேன். கையைப் பிடித்தேன், விரல்கள் விடியற்காலைக் கிணற்றுத் தண்ணீராய்க் குளிர்ந்திருந்தன. நாடி நிமிடத்துக்கு 46. முன்கை முழுவதும் பூனைமயிர்.

தாய் வந்த காரணம் வேறு. "நான்கு மாதமாகப் பிள்ளைக்கு மாதவிடாய் இல்லை, டொக்டர். ஓமோன் கோளாறாம். ஒரு குளிசை எழுதித் தாருங்கள்."

ஓமோன் குழம்பியிருந்தது உண்மைதான். குழப்பியது பட்டினி. மெலியவேண்டும் என்று உணவைத் தானே மறுக்கும் அனொரெக்சியா என்ற நோய் இது.

மூளையின் அடியில் பரிவகக்கீழ் என்று பாதாம் பருப்பளவில் ஒரு பகுதி இருக்கிறது. உடம்பில் எவ்வளவு கொழுப்புச் சேர்ந்திருக்கிறது என்று அதற்குக் கணக்குச் சொல்வது லெப்டின். 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த ஓமோனைச் சுரப்பதே கொழுப்புத்தான். கொழுப்புக் கரையக் கரைய லெப்டினும் வற்றும். பஞ்சம் வந்துவிட்டது, இப்போது பிள்ளைப்பேறு கட்டுபடியாகாது என்று பரிவகக்கீழ் தீர்மானித்து, சூலகத்தை இயக்கும் கபச்சுரப்பிக்கு விட்டு விட்டு அனுப்பும் கட்டளையைக் குறைத்துக்கொள்ளும். சூலகம் ஓய்ந்துவிடும், ஈஸ்ட்ரஜன் சரியும், மாதவிடாய் நின்றுபோகும். தைரொயிட்டின் வீரியமான ஓமோனாகிய டீ3யும் இறங்கும். குளிருக்கும் மெதுவான நாடிக்கும் அதுவும் ஒரு காரணம். இதைப் பார்த்துத் தைரொயிட் குளிசை கொடுப்பது, கையிருப்பைக் காக்கச் சிக்கனம் பிடிக்கும் வீட்டுக்காரியைக் கடைக்கு அனுப்புவதுபோல. ஏறுவது கோர்ட்டிசோல் என்ற அழுத்த ஓமோன், அது எலும்பை அரிக்கும்.

"தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் நாங்கள் இல்லாமல் கிடந்தோம். இவளுக்கு என்ன குறை?" என்று தாய் அழுதார். பரிவகக்கீழுக்குத் தடையும் தெரியாது, முகம் பார்க்கும் கண்ணாடியும் தெரியாது. வயிற்றுக்கு வருவதை மட்டுமே அது எண்ணும். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆரோக்கியமான இளைஞர்கள் 36 பேரை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். கோடையிலும் அவர்களுக்குக் குளிர்ந்தது. சிலர் சமையல் புத்தகங்களை விழுந்து விழுந்து படித்தார்கள். இந்தப் பிள்ளையும் இரவில் சமையல் காணொளி பார்ப்பாளாம். வீட்டில் எல்லோருக்கும் புட்டு அவிப்பாளாம். அவளுடைய பங்கு மதிலில் காகத்துக்கு.

என் பயமெல்லாம் எலும்பைப் பற்றியது. வாழ்நாளுக்கு வேண்டிய எலும்பு வலுவில் பெரும்பங்கு பதின்ம வயதில்தான் சேர்கிறது. சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டிய அம்மம்மாமாருக்கு ஓமோன் என்ற சொல் தெரியாது, வயது தெரிந்திருந்தது. கருத்தடைக் குளிசை கொடுத்தால் மாதாமாதம் இரத்தம் வரும், தாய்க்கும் நிம்மதி வரும். எலும்புத் தேய்வு நிற்காது. ஆகவே நான் எழுதிக் கொடுக்கவில்லை.

மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதும் இந்த நோய் இருக்கலாம். ஆண் பிள்ளைகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையும். எண்ணிப் பார்க்க நாட்காட்டி இல்லாததால் வீட்டில் எவரும் கவனிப்பதில்லை.

மருந்து சோறுதான். ஆனால் மிகவும் மெலிந்த பிள்ளைக்கு ஒரே நாளில் திணித்துவிடாதீர்கள். இரத்தத்தில் பொஸ்பேட் சரிந்து இதயத் துடிப்பே குழம்பலாம். அப்படிப்பட்டவர்களை வைத்தியசாலையில் வைத்துத்தான் படிப்படியாக உணவை ஏற்றவேண்டும். சாப்பிட மறுக்கும் மனதுக்கு மனநல வைத்தியரும் வேண்டும். கூச்சமாக இருந்தால் முதலில் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழைக்கலாம்.

அந்தப் பிள்ளை போன கிழமையும் வந்திருந்தாள். நிறை ஆறு கிலோ ஏறியிருக்கிறது. நாடி 62. மாதவிடாய் இன்னும் வரவில்லை. நிறை திரும்பினாலும் அதற்குச் சில மாதம் எடுக்கும் என்று தாயிடம் சொல்லி அனுப்பினேன்.