எழுத்தை எழுத்தாகவே பகிருங்கள்

(மதுரையில் வலைப்பூ எழுதுவோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் அம்மா அவர்களே, வரவேற்புரையில் வைகையின் இரு கரைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிய நூலகர் அய்யா அவர்களே, ஈய எழுத்துக் கோத்த நாளிலிருந்து இன்றுவரை இந்த ஊரில் அச்சகம் நடத்திவரும் பெரியவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, சோழவந்தான் என்று நாலா பக்கமிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் இளம் எழுத்தாளர்களே, அனைவருக்கும் வணக்கம். மூட்டுவலியோடு மாடிப்படி ஏறி வந்த அச்சகப் பெரியவருக்கு இன்னொரு வணக்கம். எழுத்தைக் கையால் தொட்டு எடுத்து அடுக்கியவர் அவர். நான் சொல்ல வந்ததும் எழுத்தைப் பற்றித்தான். 1901இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கம் நிறுவிய ஊரில் இதைப் பேசக் கிடைத்ததைப் பேறாகக் கருதுகிறேன்.

சமூக ஊடகத்தில் பகிர்ந்து வலைப்பூவுக்கு வாசகரையும் நற்பெயரையும் சேர்ப்பது எப்படி என்பது எனக்குத் தந்த தலைப்பு. சுட்டி, முன்னோட்டம், நேரம், அளவு, பெயர் என்று ஐந்தாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஐந்துக்கும் ஒரே பழமொழி போதும்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

முதலில் சுட்டி, லிங்க் என்கிறோமே அது. கூகுளின் இலவச வலைப்பூத் தளமான பிளாக்கரில் தமிழில் தலைப்பு வைத்து வெளியிட்டால், பதிவின் இணைய முகவரியில் தலைப்பு வராது. 'பிளாக்-போஸ்ட்' என்றும் ஓர் எண்ணும்தான் வரும். வேறு சில தளங்களில் தமிழ் அப்படியே முகவரியில் ஏறும். பார்க்க அழகுதான், ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது சிதறும். மதுரை என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து. ஒவ்வொன்றும் மூன்று பைட். ஒரு பைட் முகவரியில் விழுக்காட்டுக் குறியோடு மூன்று குறிகளாக விரியும். ஆக மூன்றெழுத்து மதுரை 45 குறி நீளத்துக்கு வந்து நிற்கும். அதைப் பார்க்கிற ஆள் ஏதோ வைரஸ் என்று பயந்து தொடமாட்டார். அதனால் முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் மூன்று நான்கு சொல்லாக, வெளியிடுவதற்கு முன்பே அமைத்துவிடுங்கள். வெளியிட்டுப் பகிர்ந்தபின் மாற்றினால், ஏற்கெனவே நூறு பேர் கைக்குப் போன சுட்டி செத்துவிடும்.

அடுத்தது முன்னோட்டம். சுட்டியை ஒட்டியதும் ஒரு படமும் தலைப்பும் இரண்டு வரியும் பெட்டியாக எழுமே, அதுதான் உங்கள் வீட்டுத் திண்ணை. ஓப்பன் கிராஃப் என்று 2010இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த, பக்கத்தின் உள்ளே மறைவாக இருக்கும் குறிப்புகளிலிருந்து அது எழுகிறது. படத்தை 1200க்கு 630 பிக்சலில் வையுங்கள். எடை 300 கேபியைத் தாண்ட வேண்டாம், தாண்டினால் வாட்ஸ்அப்பில் படம் வராமல் போகலாம். படத்துக்குள் தலைப்பை எழுதாதீர்கள், தலைப்புத்தான் கீழேயே வரப்போகிறதே. வாட்ஸ்அப்பில் முன்னோட்டத்தை உருவாக்குவது அனுப்புகிறவருடைய போன். சுட்டியை ஒட்டியவுடன் அவசரமாக அனுப்பினால் மொட்டைச் சுட்டி போகும். இரண்டு மூச்சு பொறுத்து, பெட்டி எழுந்தபின் அனுப்புங்கள். ஃபேஸ்புக்கோ முதல் தடவை எடுத்த முன்னோட்டத்தையே சேமித்து வைத்துக்கொள்ளும். தலைப்பில் பிழை திருத்தினால், ஃபேஸ்புக்கின் ஷேரிங் டீபக்கர் என்ற சோதனைப் பக்கத்தில் சுட்டியைப் போட்டு மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். இன்ஸ்டாகிராமில் படத்தின் கீழ் எழுதும் சுட்டி அழுத்தினால் திறக்காது; சுயவிவரத்திலோ ஸ்டோரியில் ஒட்டும் லிங்க் ஸ்டிக்கரிலோ வையுங்கள்.

முன்னோட்டத்துக்கு மேலே எழுதும் வரி உங்களுடையது. 'புதிய பதிவு, படிக்கவும், பகிரவும்' என்று போட்டால் யாருக்கு என்ன தெரியும்? 'தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்குப் போகிறவர்கள் எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே சத்தம் போடக் கூடாது' என்று எழுதுங்கள். போக நினைப்பவர் அழுத்துவார். போக நினைக்காதவருக்கும் ஒரு செய்தி கிடைத்தது.

அளவு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றேன். அளக்க யுடிஎம் ஒட்டு இருக்கிறது. சுட்டியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு, எந்த ஊடகம், எந்தக் குழு என்று சேர்த்துவிட்டால் எந்தக் கரையிலிருந்து ஆள் வந்தார் என்று தெரியும். இந்த ஒட்டு இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் வந்தவர்களில் பெரும்பாலோர் 'நேரடி வருகை' என்ற கணக்கில் விழுந்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் நமக்கு ஆளே இல்லை என்று தப்பாக நினைத்துக்கொள்வீர்கள். ஒட்டில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால் தனித்தனிக் கணக்காகப் பிரியும். எப்போதும் சின்ன எழுத்திலேயே எழுதுங்கள்.

ஒரே சுட்டியை ஒரே நாளில் இருபது குழுவில் கொட்டாதீர்கள். இரண்டு குழு, அதுவும் அந்தப் பொருளுக்குரிய குழு. உங்கள் சுட்டி ஒன்று போடுமுன் மற்றவர் எழுதிய நல்ல சுட்டி நான்கு போட்டிருக்க வேண்டும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைப் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். முகம் தெரிந்த வாசகர் முப்பது பேர் போதும். நேரத்தைப் பற்றிக் கேள்வி நேரத்தில் கேளுங்கள், சொல்கிறேன். பெயர் என்ற கடைசிச் செய்திக்குத்தான் நான் வந்ததே.

இந்த ஊர்க் கதை, எல்லோருக்கும் தெரிந்த கதை. பாண்டியனுக்கு ஒரு சந்தேகம்: பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா? ஆயிரம் பொன்னை முடிந்து சங்க மண்டபத்தில் தொங்கவிட்டான். தருமி, தாய் தந்தை இல்லாத ஏழைப் பிள்ளை, கல்யாணத்துக்குக் காசில்லை. சொக்கனிடம் போய் அழுதான். சொக்கன் ஒரு பாட்டை எழுதிக் கையில் கொடுத்தான். பையன் ஓடினான், படித்தான், அரசன் மகிழ்ந்தான். பொற்கிழியை அறுக்கப் போகிற நேரம், 'நில்' என்றார் நக்கீரர். பாட்டில் பொருட்குற்றம் என்றார். என்ன குற்றம், எப்படிக் குற்றம்? தருமிக்கு என்ன தெரியும்? பாட்டு அவனுடையதா? கையில் ஓலை இருக்கிறது, வாயில் பதில் இல்லை. சபை முழுக்கப் பார்க்கிறது. கண்ணீரோடு கோயிலுக்குத் திரும்பினான். அப்புறம் என்ன நடந்தது? எழுதியவனே வந்தான். புலவன் வேடத்தில் சபைக்கு நடந்து வந்து, 'என் பாட்டில் குற்றம் கண்டவர் யார்?' என்று நேருக்கு நேர் நின்று கேட்டான்.

கதையில் தருமி தப்பித்ததற்குக் காரணம் அவனுக்கு எழுதியவனிடம் போக வழி தெரிந்திருந்தது. சுட்டி என்பது அந்த வழி. இன்று நம் குழுக்களில் என்ன நடக்கிறது? ஒருவர் உட்கார்ந்து கண்மாயைப் பற்றி ஆறு பத்தி எழுதுகிறார். இன்னொருவர் அதைத் திரைப்பிடிப்பு, அதாவது ஸ்கிரீன்ஷாட், எடுக்கிறார். கீழே பெயர் இருக்கும் பட்டையை வெட்டிவிட்டு, ரோஜாப்பூப் பின்னணியில் படமாக்கி அனுப்புகிறார். வாட்ஸ்அப் 'ஃபார்வேர்டட்' என்று மட்டும் சொல்லும், யார் தொடங்கியது என்று சொல்லாது. யாராவது கேள்வி கேட்டால் அனுப்பியவருக்குப் பதில் தெரியாது. எழுதியவரை அழைக்க வழியும் இல்லை.

சங்கப் புலவர்களில் பெயர் தொலைந்தவர்களை அவரவர் பாட்டின் சொல்லாலேயே அழைக்கிறோம்: செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவர். பெயர் போனாலும் பாட்டு எழுத்தாக இருந்ததால் அந்தச் சொல்லாவது மிஞ்சியது. படமாகிப்போன எழுத்துக்கு அதுவும் இல்லை. தேடினால் கிடைப்பது அரிது. பார்வையற்ற வாசகரின் போன், எழுத்தைத் தமிழில் வாசித்துக் காட்டும். படத்தைத் தொட்டால் பெரும்பாலும் 'படம்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். நம்மோடு இதே தெருவில் இருக்கும் ஒருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறோம் என்பதை யோசியுங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் நம் ஊர்ப் பெயரைச் சூடிக்கொண்டு, உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்களைக் கொண்டு பழந்தமிழை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்தது. அவர்கள் எழுத்தாக்கியதை நாம் படமாக்குவதா?

சொந்த வலைப்பூ வேண்டும் என்பதும் இதற்குத்தான். சமூகத் தளமான ஆர்க்குட் 2014 செப்டம்பரில் மூடியது, கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடியது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. அளந்து போடு என்பதில் இதுவும் சேரும்: எழுத்து உங்கள் வீட்டில், சுட்டி மட்டும் ஆற்றில்.

ஏற்கெனவே படமாகப் போட்டவர்கள் இன்றிரவே ஒன்று செய்யலாம். அந்தப் படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸ் கொண்டு திறந்தால் எழுத்து தனியே வரும். அப்படியே ஒட்டிவிடாதீர்கள். அது துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பும், றன்னகரத்தையும் டண்ணகரத்தையும் மாற்றிப் போடும். கௌரி என்ற சொல்லில் ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் கொம்பும் ளகரமும் வந்து உட்காரும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், தேடும்போது சிக்காது. ஒரு முறை வாய்விட்டுப் படித்துத் திருத்துங்கள். ஈய எழுத்துக் காலத்து மெய்ப்பு நோக்கும் வேலைதான் இது; அச்சகப் பெரியவர் கூட்டம் முடிந்தும் அரை மணி நேரம் பின்மேசையில் இருக்கச் சம்மதித்திருக்கிறார். ஒரு படத்தோடு அவரிடம் போங்கள்.