தளம் கட்டியது அரை மணி நேரம், படம் பிடித்தது இரண்டு வாரம்

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கும் இரைச்சல் மழைதான். தக்கலையில் மூன்று நாளாக விட்டுவிட்டுப் பெய்கிறது. துணி காயவில்லை என்று வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல். எனக்கு மட்டும் கொண்டாட்டம்.

என் ஓவியங்களுக்கென்று ஓர் இணையதளம் வந்துவிட்டது. எந்த வடிவமைப்பு என்றுதான் பலர் கேட்டீர்கள். ஆயத்தமாகக் கிடைத்த ஒன்றை அரை மணி நேரத்தில் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான். ஓவியங்களைப் படம் பிடிக்கத்தான் இரண்டு வாரம் பிடித்தது.

இதைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். முட்டம் கடற்கரையின் செம்மண் மேடு, நீர்வண்ணம். சிவப்புக்குள் பழுப்பு ஓடுகிறது, நிழல் விழும் மடிப்பில் லேசான ஊதா. முதலில் இதை இரவில் அறைக்குள் வைத்துப் படம் பிடித்தேன். ஒரு பக்கம் குழல்விளக்கு, மறுபக்கம் மஞ்சள் பல்பு. மதுரையிலிருக்கும் அத்தை மகள் தளத்தில் பார்த்துவிட்டு, "ஆரஞ்சு மிட்டாய்க் குவியல் நன்றாக இருக்கிறது" என்றாள். இரண்டு நிற வெளிச்சம் கலந்து விழுந்தால் பிறகு என்ன திருத்தினாலும் ஒரு மூலை சரியாகும், இன்னொரு மூலை கெடும்.

மேகம் மூடிய பகல் வெளிச்சம் படம் முழுவதும் ஒரே சீராக விழும். அதனால்தான் இந்த மழைக்காலத்தை விடுவதாக இல்லை. ஓவியத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் உங்கள் முகமும் சேர்ந்து விழும். திண்ணைச் சுவரில் நிறுத்தி, கேமராவை ஓவியத்தின் நடுமட்டத்தில் பிடித்து, இரண்டடி பின்னால் போய்ச் சற்றுப் பெரிதாக்கி எடுங்கள். ஒட்டி நின்றால் ஓரங்கள் வளையும். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தால் நிறம் சரிபார்க்க உதவும். ஒன்று மட்டும் கவனம்: இந்த ஈரத்தில் தாள் நெளியும். நான் நான்கு மூலையிலும் கிளிப் போடுகிறேன்.

கைபேசியில் எடுத்த படம் நான்கு, ஐந்து எம்பி வரும். அப்படியே ஏற்றாதீர்கள். 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தால் சில நூறு கேபியில் முடிந்துவிடும். மார்த்தாண்டம் பஸ்ஸில் நின்றுகொண்டு பார்ப்பவருக்கும் சட்டென்று திறக்கும். யாராவது திருடி நல்ல தரத்தில் அச்சடிக்க நினைத்தாலும் ஐந்து அங்குலத்துக்கு மேல் தேறாது.

தளத்தின் முகவரிப் பெயரில் (டொமைன் என்பார்கள்) நான் ஏமாந்தேன். முதலில் அதைப் பதிவு செய்யும் வேலையைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தேன். அவர் தன் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார். பிரிந்தபோது முகவரியும் அவரோடு போயிற்று. பதிவு உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். அதுவும் சொந்தமாக வாங்குவதில்லை, வாடகைதான். முதல் ஆண்டுத் தள்ளுபடியில் மயங்காமல் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைப் பாருங்கள்.

ஓவியத்தை விற்றுவிட்டால் அதன் படத்தைத் தளத்தில் வைக்கலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். தக்கலைக்காரிக்கு இது சட்டென்று புரியும்: பத்மநாபபுரம் அரண்மனை நம் மண்ணில் இருக்கிறது, பராமரிப்பது கேரள அரசு. ஓவியமும் அப்படித்தான். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்த தாள், அதை வாங்கியவருடையது. எழுதிக் கொடுக்காதவரை பதிப்புரிமை வரைந்தவருடையது. ஆனால் ஒருவர் பணம் கொடுத்து, 'என் அப்பாவை வரைந்து தாருங்கள்' என்றால் கதை மாறும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை அவருக்கே. முன்பணம் வாங்கும்போதே தளத்தில் வைக்கச் சம்மதத்தை எழுதி வாங்கிவிடுங்கள். குளச்சலில் ஒரு பெரியவருக்கு வரைந்தபோது கேட்கக் கூச்சப்பட்டேன். நான் வரைந்ததில் ஆக நல்ல முகம் அது, தளத்தில் இல்லை.

மொத்தம் பன்னிரண்டு ஓவியங்கள்தான் வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் அளவு, வண்ணம், விலை. 'விலைக்கு அழைக்கவும்' என்று எழுதியிருந்தால் நானே அழைக்க மாட்டேன்.

மழை விட்டுவிட்டது. வெயில் எட்டிப் பார்ப்பதற்குள் மாத்தூர் தொட்டிப்பால ஓவியத்தைப் படம் எடுத்துவிட வேண்டும். அந்த வெள்ளைத் தாளை எங்கே வைத்தேன்... சாயா டம்ளருக்கு அடியில். போயிற்று.