பழைய கேலக்ஸி சைக்கிளுக்கு ஷிஃப்டர் கிடைச்சாச்சு!

வணக்கம் மக்களே! மொதல்ல இதப் பாருங்க. இருங்க, ஃபோகஸ் ஆகட்டும்... ம், ஆயிடுச்சு. சன்டூர் கம்பெனி பார்-எண்ட் ஷிஃப்டர், அதாவது ஹேண்டில்பார் நுனியில மாட்டுற கியர் லீவர்! ஜோடியா ரெண்டும் இருக்கு, ஒரு ஸ்க்ரூ கூடக் காணாமப் போகல. விலை 32 பவுண்ட். மறுபடி சொல்றேன், 32!

ஆன்லைன்ல ஒருத்தர் இதே சாமானுக்கு 95 பவுண்ட் போட்டிருந்தார். அதுல ஒரு லீவர் வளைஞ்சிருக்கு, தபால் செலவு வேற தனி. அந்தப் படத்தப் பாத்ததுலேர்ந்து எனக்கு எரிச்சல் அடங்கவே இல்ல. ஞாயித்துக்கிழமை டெர்பி பக்கத்துல ஒரு சைக்கிள் ஜம்பிள், அதாவது பழைய சைக்கிள் சாமான் சந்தை. அங்க ஒரு பெரியவர் மேசைக்கு அடியில பிஸ்கட் டின் வெச்சிருந்தார். அதுக்குள்ள இது கிடக்கு! 40 சொன்னார். நான் 30 கேட்டேன். 35க்கு வந்தார். பர்ஸைத் திறந்து, மொத்தம் 32தான் இருக்குன்னு எண்ணிக் காட்டினேன். சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டார். வீட்டுக்கு வர்ற வரைக்கும் பையத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தேன்.

வண்டி உங்களுக்குத் தெரியும், நம்ம டாஸ் கேலக்ஸி. 1971ல மொதல்ல வந்த மாடல், என்னோடது எண்பதுகள்ல செஞ்சது. ரெனால்ட்ஸ் 531 ஸ்டீல் குழாய், முன்னாடி மூணு செயின்ரிங், பின்னாடி 6 ஸ்பீட் ஃப்ரீவீல், அதாவது ஆறு பல்சக்கரம். கியர் லீவர் ரெண்டும் டவுன்ட்யூப்ல, அதாவது ஹேண்டிலுக்குக் கீழேர்ந்து பெடல் பக்கம் சாயுற குழாய்ல இருக்கு. போன வீடியோல அதப் பாத்துட்டு உங்கள்ல பாதிப் பேர் கேட்டது, "ஏன் எஸ்டிஐ போடக் கூடாது?"

சரி, எஸ்டிஐ பேசிடுவோம். பிரேக்கும் கியரும் ஒரே லீவர்ல. ஷிமானோ 1990ல கொண்டு வந்தாங்க, ரேஸ் வண்டிக்கு அது பெரிய வரப்பிரசாதம். என் வண்டிக்கு வேண்டவே வேண்டாம். பின் சக்கரம் உக்கார்ற இடைவெளி இதுல 126 மில்லிமீட்டர். எஸ்டிஐக்கு ஏத்த 8 ஸ்பீட் ரோடு ஹப், அதாவது சக்கரத்தோட நடுப்பகுதி, 130. அதப் போடணும்னா ஃபிரேமை விரிக்கணும். ஸ்டீல்தான், விரியும். ஆனா இத்தனை வருஷம் நேரா நிக்கிற 531 ஃபிரேமை எதுக்கு விரிக்கணும்? அப்புறம், கிளிக் கிளிக்னு கியர் விழணும்னா ஷிஃப்டர், செயினை நகர்த்துற டெரெய்லர், பின்னாடி பல்சக்கரம் மூணும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். 1984ல ஷிமானோவோட டியூரா-ஏஸ் செட்ல எஸ்ஐஎஸ்ங்கிற இந்தக் கிளிக் முறை வந்ததுலேர்ந்து இந்தக் கட்டுப்பாடுதான். ஃப்ரிக்‌ஷன்ல அந்தப் பேச்சே இல்ல; கிளிக்கே இல்லாம, லீவரை எங்க விட்டாலும் உராய்வுல அங்கயே நிக்கிற முறை அது. வழியில ஏதோ ஒரு ஊர்க் கடையில கிடைக்கிற டெரெய்லரை மாட்டலாம், 5 ஸ்பீடோ 7 ஸ்பீடோ போடலாம், லீவர் பாட்டுக்கு வேலை செய்யும். டூரிங்ல எனக்கு இதுதான் முக்கியம்.

அப்ப டவுன்ட்யூபையே வெச்சுக்கலாமேன்னு கேப்பீங்க. எனக்குப் பிடிச்ச சாமான்தான் அது. கேபிள் கம்மி, எடை கம்மி, கெட்டுப்போக ஒண்ணுமே இல்ல. டவுன்ட்யூப்லயே இருக்கப் போறவங்க சிம்ப்ளெக்ஸ் ரெட்ரோஃப்ரிக்‌ஷன் தேடுங்க. பிரான்ஸ் சாமான், வெண்ணெய் மாதிரி நகரும். ஆனா முன்னாடி சக்கரத்துப் பக்கவாட்டுல தொங்குற ரெண்டு பன்னியர் பை, ஹேண்டில்பார் பை எல்லாம் கட்டிட்டு கேசில்டன்ல வின்னட்ஸ் பாஸ்ங்கிற மலைச் சாலையில ஏறிப் பாருங்க. 20 சதவீதம் ஏத்தம். நடந்து போற வேகம்தான் வரும். அந்த நேரத்துல ஒரு கைய எடுத்து கீழ குனிஞ்சா ஹேண்டில் அலையும், பக்கத்துலயே கார் போகுது. பார்-எண்ட்ல ரெண்டு கையும் ஹேண்டில்லயே இருக்கும், சுண்டு விரல் பக்கத்தாலேயே கியரத் தட்டிடலாம்.

இப்ப இந்தச் சத்தம் கேளுங்க. மைக் கிட்ட வெக்கிறேன். டிர்ர்ர்... கேக்குதா? இது கியர் கிளிக் இல்ல, இதுதான் சன்டூரோட பவர் ராட்செட். சாதா ஃப்ரிக்‌ஷன் லீவர்ல டெரெய்லரோட ஸ்பிரிங் எப்பவும் கேபிளை இழுத்துக்கிட்டே இருக்கும். ஸ்க்ரூவை இறுக்கி வெச்சாத்தான் லீவர் நிக்கும். இறுக்கினா, இழுக்கும்போது ஸ்பிரிங்கோடயும் மல்லுக்கட்டணும், அந்த இறுக்கத்தோடயும் மல்லுக்கட்டணும். தளர்த்தினா ஏத்தத்துல தானா வழுக்கி பெரிய கியருக்குப் போயிடும். இதுக்குள்ள பொடிப் பல்லா ஒரு ராட்செட் இருக்கு. இழுக்கிற பக்கம் அந்த இறுக்கத்தத் தாண்டி லேசா விட்டுடும், திரும்புற பக்கம் மட்டும் பிடிச்சு வெக்கும். எழுபதுகள்லயே இத யோசிச்சிருக்காங்க மக்களே!

ஆ, முக்கியமான ஒண்ண விட்டுட்டேன். ஷிஃப்டரை மேல கொண்டு போனா கேபிளோட வெளி உறை வந்து நிக்க டவுன்ட்யூப்ல ஒரு இடம் வேணும்ல? பழைய லீவர் இருந்த பாஸ், அதாவது குழாயோட சேத்தே இருக்கிற குமிழ், அது மேலயே மாட்டுற கேபிள் ஸ்டாப் வாங்கணும். கட்டை விரல் நகம் சைஸ்ல ரெண்டு அலுமினியத் துண்டு, 14 பவுண்ட்! ஷிஃப்டருக்கே 32தான் குடுத்தேன், இந்தத் துண்டுக்கு 14ஆ? கடையில நின்னு அஞ்சு நிமிஷம் அதயே பாத்துட்டு இருந்தேன். வேற வழி இல்ல, வாங்கிட்டேன். பாஸ் இல்லாத, கிளாம்ப் போட்ட ஃபிரேம்னா கிளாம்ப் டைப் ஸ்டாப் வாங்குங்க, குழாய் விட்டத்த அளந்துட்டுப் போங்க. பழைய உள் கேபிளும் உதவாது, இப்போ தூரம் ஜாஸ்தி. புதுசு 2 மீட்டருக்கு மேல இருக்கிறதா பாருங்க.

குறை இல்லையான்னா, இருக்கு. நின்னு மிதிச்சு ஹேண்டிலத் திருப்பினா முழங்கால்ல இடிக்கும், வண்டி சாஞ்சா மொதல்ல அடி வாங்குறது இந்த லீவர்தான். அதனால நான் எங்க நிறுத்தினாலும் பின் சக்கரத்த சுவத்துல முட்டுக் குடுத்துத்தான் நிறுத்துவேன்.

பழைய சன்டூர் கிடைக்காதவங்க 95 பவுண்ட் குடுக்காதீங்க, ப்ளீஸ். ராட்செட் லீவர் டயா-கம்ப்ல இப்பவும் செய்யறாங்க. மைக்ரோஷிஃப்ட் பார்-எண்ட்லயும் ஃப்ரிக்‌ஷன் மோட் வர்ற மாடல் இருக்கு, வாங்குறதுக்கு முன்னாடி அது இருக்கான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

அடுத்த வீடியோல மாட்டுறோம். ஹேண்டில்ல சுத்துற டேப் காட்டன்தான், மேல ஷெல்லாக், அதாவது அரக்கு வார்னிஷ் அடிக்கப் போறேன். அந்த தடி தடியான கார்க் டேப் எனக்கு ஆகவே ஆகாது, கேபிள் வேற அடியில போகுது, பிடிச்சா உலக்கையப் பிடிச்ச மாதிரி ஆயிடும். பழுப்புக் கலரா, கறுப்பான்னு மட்டும் கீழ சொல்லுங்க. நாளைக்கு சாயங்காலம் கடைக்குப் போறேன்.