வரப்பில் குடியிருக்கும் தேனீக்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் இராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிற விவசாயி. தேனீ என்றதும் பெட்டியும் தேனடையும்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது பெட்டியில் வளராத, நமக்குத் தேன் தராத நாட்டுத் தேனீக்களைப் பற்றி.

காலையில் பூ விட்ட தக்காளி வயலில் கொஞ்ச நேரம் அசையாமல் நில்லுங்கள். வயிற்றில் நீலநீலமாகப் பட்டை போட்ட தேனீ ஒன்று வரும். பூவைக் கட்டிப்பிடித்துத் தொங்கும். அதுவரை கேட்ட ரீங்காரம் சட்டென்று மாறி, கூர்மையாக ஒலிக்கும். இறக்கையை அடிக்காமல், பறக்கிற தசையை மட்டும் அதிரவைக்கிறது. தக்காளிப் பூவில் மகரந்தப் பைகள் கூம்பு மாதிரி சேர்ந்து மூடியிருக்கும். அதிர்ந்தால்தான் நுனிவழியாகப் பொடி கொட்டும். காற்று ஆட்டினாலும் ஓரளவு கொட்டும், காய் பிடிக்கும். ஆனால் இந்தத் தேனீ உலுக்கிய பூவில் விதை கூடும், காய் பருக்கும். கத்தரிக்கும் அப்படித்தான். பெட்டித் தேனீக்கு இந்த வேலை வராது.

இது கூட்டமாக வாழ்வதில்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தனியாக மண்ணைக் குடைந்து, சின்னச் சின்ன அறை கட்டி, மகரந்தமும் தேனும் பிசைந்து வைத்து, அதன்மேல் முட்டையிட்டு மூடும். எங்கள் மோட்டார் கொட்டகை மண்சுவரில் இருபது முப்பது ஓட்டைகள் இருந்தன. குளவி என்று நினைத்து, ஒரு பக்கம் முழுக்க சிமென்ட் பூசிவிட்டோம். அடுத்த பூப்பில் வயலில் அந்தச் சத்தம் குறைந்துபோனது. இன்னும் எனக்கு அது மனசை உறுத்துகிறது. மிச்சமுள்ள சுவரை யாரையும் தொட விடுவதில்லை.

இப்போது பாத்தி முழுக்க மண்ணை மூடுகிற மல்ச்சிங் சீட் போடுகிறோம். சரி, போடுங்கள். வரப்பிலாவது ஒரு பாகம் உழாமல், களைக்கொல்லி அடிக்காமல் வெறும் மண்ணாகக் கிடக்கட்டும். பக்கத்திலேயே ஆவாரை நிற்கட்டும். பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிக்கிறோமே, அந்தப் பூவும் உலுக்கினால்தான் மகரந்தம் தரும். தக்காளி இல்லாத மாதங்களில் இந்தத் தேனீக்கும், கருவண்டு என்று நாம் சொல்கிற பெரிய கறுப்புத் தேனீக்கும் அது சோறு. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. அதற்குத் துளசியும் தும்பையும் வேண்டும். கருவண்டு காய்ந்த மரத்தைக் குடைந்து குடியிருப்பது. முருங்கையில் பட்ட கிளை ஒன்றிரண்டை வெட்டாமல் விடுங்கள்.

ஓசூர்ப் பக்கம் ரோஜா வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இலை ஓரத்தில் கத்தரியால் நறுக்கியதுபோல அரைவட்டம் தெரிந்தால் பதறி மருந்து அடிக்காதீர்கள். அது இலைவெட்டித் தேனீ. இலையைத் தின்னாது, சுருட்டிக் குஞ்சுக்குத் தொட்டில் கட்டும். துவரைப் பூவுக்கு வந்து மகரந்தம் சேர்ப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு.

மருந்து அடித்தே ஆகவேண்டும் என்றால், பூவில் தேனீ இல்லாத நேரமாக, பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள்.

அப்புறம், மாலையில் வரப்புக்குப் போனால் காய்ந்த குச்சிகளைக் குனிந்து பாருங்கள். நீலப்பட்டை ஆண் தேனீக்களுக்குக் கூடு கிடையாது. குச்சியைத் தாடையால் கவ்விக்கொண்டு, வரிசையாகத் தூங்கும். அந்தக் குச்சியைப் பிடுங்கிவிடாதீர்கள்.

வணக்கம்.